அங்கிள் ஸ்க்ரூஜ் 1, 2, 3 எங்கே? பழைய வாத்துக் காமிக்ஸை அடையாளம் காண்பதும் நம்மூர் ஈரத்திலிருந்து காப்பதும்

செங்காங் வாசகி:

வணக்கம். டெல், கோல்ட் கீ என்ற அமெரிக்கப் பதிப்பகங்களின் காலத்துக் காமிக்ஸ் இதழ்கள் 38, ஒரே கட்டாகக் கைக்கு வந்திருக்கின்றன. பாதிக்குமேல் டொனால்ட் டக், அங்கிள் ஸ்க்ரூஜ். மீதி பக்ஸ் பன்னி, டாம் அண்ட் ஜெர்ரி, ஒரே ஒரு போகோ. சில விஷயங்களில் தெளிவு வேண்டும்.

அங்கிள் ஸ்க்ரூஜ் 4-ஆம் இதழில் தொடங்குகிறது. எந்தப் பட்டியலைப் பார்த்தாலும் விற்பவர்களிடம் 1, 2, 3 என்று எதுவுமே இல்லை. டொனால்ட் டக் சிலவற்றில் அட்டையில் எண்ணே காணோம், உள்ளே பொடி எழுத்தில் 300-க்குமேல் ஏதோ எண் இருக்கிறது. கோல்ட் கீ அட்டைகளில் ஐந்து இலக்கம், ஒரு கோடு, பிறகு மூன்று இலக்கம். அது என்ன? ஒரு கதை முதன்முறை வந்ததா, மறுபதிப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அடுத்தது காகிதம். வீடு சிங்கப்பூரில் நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி). இதழ்கள் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில், பாம் ஷெல்ட்டர் என்னும் கான்கிரீட் அறைக்குள் இருக்கின்றன. ஏழெட்டு இதழ்களில் பழுப்புப் புள்ளிகள், பின்களில் துரு, மக்கல் வாடை. பெட்டிக்குள் சின்ன சிலிக்கா பொட்டலங்கள் பத்து போட்டும் வாடை குறையவில்லை. எங்கே தவறு?

—

பத்துக்காசு டெல்:

அக்கா, அந்த மூன்று இதழ்களும் தொலையவில்லை, வேறு பெயரில் இருக்கின்றன. டெல் நிறுவனம் ஃபோர் கலர் என்று ஒரு வரிசை நடத்தியது. 1939 முதல் 1962 வரை 1,300-க்குமேல் இதழ்கள். ஒவ்வோர் இதழிலும் ஒவ்வொரு பாத்திரம். ஒரு பாத்திரத்துக்கு வாசகர் உண்டா என்று அதில் விட்டுப் பார்ப்பார்கள், விற்றால் தனிப் பத்திரிகை. ஸ்க்ரூஜ் அப்படி மூன்று முறை வந்தார்: 1952-இல் ஃபோர் கலர் 386, 1953-இல் 456, அதே ஆண்டில் 495. அந்த மூன்றையும் கணக்கில் வைத்துத்தான் தனிப் பத்திரிகையை 4 என்று ஆரம்பித்தார்கள். அதன் அட்டைக் காலம் 1953 டிசம்பர் முதல் 1954 பிப்ரவரி வரை. டொனால்ட் டக் தனிப் பத்திரிகை 26-ஆம் எண்ணில் தொடங்குவதற்கும் இதுவேதான் காரணம்.

ஆகவே விற்பனைத் தளத்தில் "அங்கிள் ஸ்க்ரூஜ் 1" என்று மட்டும் தேடினால் பாதி கண்ணில் படாது. ஃபோர் கலர் 386 என்றும் தேடுங்கள். எண் இல்லாத உங்கள் டொனால்ட் டக் இதழ்களும் பெரும்பாலும் ஃபோர் கலர்தான். முன்னட்டையின் உட்புறத்திலோ முதல் பக்கத்தின் அடியிலோ இருக்கும் பொடி எழுத்துப் பதிப்புக் குறிப்பை முதலில் படியுங்கள். அட்டையை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டால் பிறகு எல்லாவற்றையும் திரும்பப் பார்க்க வேண்டி வரும்.

கோல்ட் கீ எண்ணில் முன்னால் உள்ள ஐந்து இலக்கம் பத்திரிகையின் அடையாளம். கோட்டுக்குப் பின் உள்ள மூன்றில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் மாதம். 301 என்றால் 1963 ஜனவரி. அதே 301 என்பது 1973 ஜனவரியாகவும் இருக்கலாம், அதனால் விலையையும் சேர்த்துப் பார்க்கணும். 12 காசு என்றால் அறுபதுகள், 15 காசு அறுபதுகளின் கடைசியும் எழுபதுகளின் தொடக்கமும். அட்டையில் பார்கோடு இருந்தால் அது எழுபதுகளின் நடுப்பகுதிக்குப் பிந்தியது. இந்த ஒரு சோதனையே பழசு என்று சொல்லி விற்கப்படும் பல மறுபதிப்புகளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பதிப்பாளர் மாறினாலும் அங்கிள் ஸ்க்ரூஜ் எண் தொடர்ந்து ஓடும். 39 வரை டெல். 40 முதல் 173 வரை கோல்ட் கீ. 174 முதல் 209 வரை விட்மன், அது 1984-இல் நின்றது. 1986-இல் கிளாட்ஸ்டோன் 210-இலிருந்து எடுத்துக்கொண்டது. விட்மன் காலத்து 179-ஐ எங்கேயாவது பார்த்தால் விடாதீர்கள். 1980-இல் பைகளில் அடைத்து விற்ற காலத்து இதழ் அது, வெளியே வந்த பிரதிகள் மிகக் குறைவு. அதைவிட முப்பது ஆண்டு மூத்த டெல் இதழ்கள் எளிதாகக் கிடைக்கும். பழசு என்பதாலேயே அரிது என்று ஆகிவிடாது. வால்ட் டிஸ்னி'ஸ் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ் ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாதம் 30 லட்சம் பிரதிகள் விற்றது. அந்தக் காலத்து இதழை, அட்டை கொஞ்சம் கசங்கியிருந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் இன்றும் பெரிய செலவில்லாமல் வாங்கலாம்.

விலை ஷில்லிங், பென்ஸ் என்று அச்சாகியிருந்தால் ஆஸ்திரேலியப் பதிப்பா என்று பாருங்கள். அங்கே வெளியான டிஸ்னி இதழ்களுக்குத் தனி எண் வரிசை, கதைகளின் சேர்க்கையும் வேறு. அமெரிக்கப் பட்டியலில் அவற்றைப் பொருத்தப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

—

வரிக்குதிரை 74:

மறுபதிப்புக் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கதைகளின் உயிர் கார்ல் பார்க்ஸ். 1942 முதல் 1966-இல் ஓய்வு பெறும்வரை எழுதி வரைந்தார். டிஸ்னி இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் அப்போது இல்லை, அதனால் வாசகர்கள் அவரை "நல்ல வாத்து ஓவியர்" என்றே வெகுகாலம் அழைத்தார்கள். ஸ்க்ரூஜ் மாமா அவர் படைப்பு. முதலில் வந்தது 1947 டிசம்பரில், ஃபோர் கலர் 178-இல், கரடிமலைக் கிறிஸ்துமஸ் கதையில் கோபக்காரக் கிழவராக.

பார்க்ஸின் பத்துப் பக்கக் கதைகள் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸில் 1943 ஏப்ரல் (31-ஆம் இதழ்) முதல் 1966 (312-ஆம் இதழ்) வரை. அங்கிள் ஸ்க்ரூஜில் அவர் வரைந்த கடைசிப் புதுக் கதை 70-இல். 71-இல் கதை அவருடையது, படம் டோனி ஸ்ட்ரோபல். அதற்குப் பிந்திய கோல்ட் கீ, விட்மன் இதழ்களில் பார்க்ஸ் கை தெரிந்தால் அது மறுபதிப்பு என்றே எடுத்துக்கொள்ளலாம். ஐயமிருந்தால் இன்டக்ஸ் (INDUCKS) என்ற டிஸ்னி காமிக்ஸ் பட்டியல் தளத்தில் பத்திரிகைப் பெயரும் எண்ணும் போட்டுத் தேடுங்கள். அந்த இதழின் ஒவ்வொரு கதைக்கும் எழுதியவர், வரைந்தவர், முதலில் வந்த இடம் எல்லாம் வரும். உங்கள் டிஸ்னி இதழ்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

ஆனால் முதல் பதிப்பு என்றால் முழுக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. ஃபோர் கலர் 456-இல் வந்த கிளான்டைக் கதையில் ஸ்க்ரூஜின் தங்க வேட்டைக் கால நினைவுகளில் சில பக்கங்களை ஆசிரியர் குழு வெட்டிவிட்டது. டொனால்ட் டக் 26-இல் வந்த ஹாலோவீன் கதையிலும் அதேதான், ஒன்பது பக்கங்கள் போயின. பின்னாளில் வந்த நூல் பதிப்புகளில்தான் அவை திரும்பச் சேர்ந்தன. கிளான்டைக் கதையை 1953-இன் இதழில் மட்டும் படிப்பவருக்கு ஸ்க்ரூஜுக்கும் அவர் அந்தக் காலத்தில் சந்தித்த கோல்டி என்ற பெண்ணுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது பாதிதான் தெரியும். எனவே என் கருத்து, கதைக்கு நூல், அட்டைக்கும் அச்சுக்கும் காகித வாசத்துக்கும் இதழ். ஃபான்டாகிராஃபிக்ஸ் பதிப்பகம் 2011 முதல் பார்க்ஸ் கதைகளை முழுத் தொகுப்பாக வண்ணத்தில் கொண்டுவருகிறது. வாங்கும் முன் தேசிய நூலகத் தேடலில் ஒருமுறை பாருங்கள்.

அந்த ஒற்றைப் போகோவைத் தனியே எடுத்து வையுங்கள். வால்ட் கெல்லியின் சதுப்புநில விலங்குகள் அனிமல் காமிக்ஸில் தொடங்கி, ஃபோர் கலர் 105, 148 வழியாக வந்து, 1949 முதல் 1954 வரை போகோ பாஸம் என்று 16 இதழ்கள் கண்டன. மொத்தமே 16 என்பதால், முழு வரிசையையும் சேர்த்துவிடக்கூடிய நல்ல தொடர் இது. நாளிதழில் வந்த போகோ வேறு, இந்த இதழ்களில் வந்தவை வேறு. வாத்துகளைத் தாண்டி யாராவது கால்வைக்க நினைத்தால் முதலில் இதைத்தான் சொல்வேன். நாற்பதுகளின் காமிக்ஸ் அண்ட் ஸ்டோரீஸ் அட்டைகள் பலவும் கெல்லி வரைந்தவை. உங்களிடம் இருக்கிறதா பாருங்கள்.

—

காகிதக்காரர்:

வாடை குறையாததன் காரணம் கணக்கில் இருக்கிறது. நம்மூரில் விடியற்காலை ஈரப்பதம் 90-ஐத் தாண்டும், மழையில்லாத நாளில் பிற்பகல் 60 வரை இறங்கும். அந்தக் காற்றில் கிடந்த காகிதம் ஈரத்தைக் குடித்தே இருக்கும். 38 இதழ்கள் சுமார் இரண்டரைக் கிலோ. 80 சதவீதக் காற்றோடு ஒத்துப்போன அவ்வளவு காகிதம் 50-க்கு இறங்க ஏறக்குறைய நூறு கிராம் தண்ணீரை வெளியே விட வேண்டும். அதை வாங்கிக்கொள்ள நல்ல சிலிக்கா ஜெல் அரைக் கிலோவாவது வேண்டும். நீங்கள் போட்ட பத்துப் பொட்டலம் ஐந்து கிராம் வீதம் என்றால் மொத்தம் ஐம்பது கிராம். முதல் நாளே நிறைந்திருக்கும். அதன் பிறகு அந்த மூடிய பெட்டி ஈரத்தைக் காப்பாற்றி வைக்கும் பெட்டிதான்.

எனவே முதலில் காய வைக்கணும், உறை போடுவது அதற்குப் பிறகு. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார டிரை கேபினெட் இதற்குச் சரியான பொருள். 45 முதல் 50-க்குள் வையுங்கள். உறை, அட்டை எதுவும் இல்லாமல் ஐந்தாறு இதழ்களாகப் படுக்க வைத்து, நடுவில் இடைவெளி விட்டு, இரண்டு மூன்று வாரம். தட்டுகளில் இடம் போதாவிட்டால் பாதிப் பாதியாக. 35-க்குக் கீழே இறக்க வேண்டாம். செய்தித்தாள் ரகக் காகிதம் அதிகம் காய்ந்தால் மடிப்பில் நொறுங்கும், அட்டை சுருளும்.

கேபினெட் இல்லையென்றால் அரைக் கிலோ ஜெல்லும் காற்றுப்புகாத பெட்டியும். ஆரஞ்சு நிறம் மாறும் ஜெல் வாங்குங்கள், நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு இருக்கும், வேண்டாம். நிறம் மாறியதும் அடுப்பில், அதாவது ஓவனில், 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். அலமாரியில் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பாக்களை இதழ்கள் இருக்கும் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அவை ஈரத்தை உறிஞ்சி உப்புத் தண்ணீராக நிற்கும், ஒருமுறை சாய்ந்தால் அடியில் உள்ள இதழ் அத்தனையும் போய்விடும்.

ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டர் ஒன்று கட்டாயம். மலிவான கருவி ஐந்தாறு சதவீதம் தப்பாகக் காட்டுவது சாதாரணம், ஆகவே சோதித்துக்கொள்ளுங்கள். பாட்டில் மூடியில் ஒரு தேக்கரண்டி சமையல் உப்பு, அது சேறு போல ஆகும் அளவுக்குச் சில துளித் தண்ணீர். கரைந்துவிடக் கூடாது. மூடியையும் கருவியையும் ஜிப் பைக்குள் வைத்து இறுக மூடி, ஓர் இரவு. உள்ளே 75 சதவீதம் நிற்கும். கருவி 70 என்றால் இனி எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை வளரும், பின்கள் துருப்பிடிக்கும். பழுப்புப் புள்ளிகளைத் துடைத்து எடுக்க முடியாது. முயலவும் வேண்டாம், ப்ளீச் தொட்டால் காகிதமே போய்விடும். ஆனால் இழுத்தால் மை போல இழுபடும் பஞ்சு மாதிரிப் பூஞ்சை இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. அந்த இதழை உடனே தனிப் பைக்கு மாற்றுங்கள், மற்றவற்றோடு வைக்காதீர்கள். முழுக்கக் காய்ந்து பொடியான பிறகு, என்95 முகக்கவசம் போட்டு, திறந்த வெளியில், மென்மையான தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். அட்டையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும்.

துருப்பிடித்த பின்னைப் பிடுங்கிப் புதிது குத்துவது பலர் செய்யும் தவறு. தரம் பார்ப்பவர்கள் அதைத் திருத்தம் என்று குறித்துவிடுவார்கள், பின் குத்திய துளையும் கிழியும். காற்று காய்ந்தால் துரு அதோடு நிற்கும்.

—

ஜூரோங் பெட்டிக்கடை:

காகிதக்காரர் சொன்னதோடு ஒரு விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு. டிரை கேபினெட் 38 இதழுக்குச் சரி. 300 ஆனால் இடம் போதாது. பாம் ஷெல்ட்டரை அப்படியே ஒதுக்கிவிட வேண்டியதில்லைங்க. இருட்டு, வெப்பம் ஒரே சீராக இருக்கும், சன்னல் வெளிச்சம் கிடையாது. மூன்றும் காகிதத்துக்கு நல்லது. கெடுதல் ஒன்றே ஒன்று, தடிமனான கான்கிரீட் சுவருக்குள் காற்று நகராது. அங்கே கம்ப்ரெஸ்ஸர் வைத்த ஈரநீக்கி ஒன்றைக் கதவை மூடித் தினம் இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டினால் 55-க்குள் நிறுத்தலாம். அறை சின்னது என்பதால் இயந்திரமும் சின்னதே போதும். பெட்டி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி இருக்கணும்.

படுக்கையறைதான் எல்லாரும் நினைப்பதைவிட மோசம். இரவில் குளிர்சாதனம் ஓடும்போது ஈரப்பதம் 60-க்கு வரும், காலையில் நிறுத்திச் சன்னலைத் திறந்ததும் 85. காமிக்ஸில் அட்டை வழவழப்பான தாள், உள்ளே செய்தித்தாள். இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்காது. தினம் இந்த ஏற்ற இறக்கம் நடந்தால் அட்டை அலை அலையாக எழும்பும், முதுகு ஒருபக்கமாக உருளும். அந்த உருளலைத் திரும்ப எடுப்பது மிகவும் கஷ்டம். 60-இலேயே நிலையாக நிற்கும் இடம், 45-க்கும் 85-க்கும் நடுவில் ஆடும் இடத்தைவிட மேல்.

ராமபாணப் பூச்சி, சில்வர்ஃபிஷ் என்கிறோமே, அது அட்டையின் பளபளப்பை மேய்ந்துவிடும். மேலே சொரசொரப்பாக, நிறம் மட்டும் போன திட்டுகள் தெரிந்தால் அதன் வேலைதான். இரண்டு ஜிப் பைகளுக்குள் காற்றை அமுக்கி வெளியேற்றி, வீட்டு உறைபெட்டியில் இரண்டு வாரம். அது பொதுவாக −18 டிகிரியில் இருக்கும். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் பையைத் திறக்கவே கூடாது, திறந்தால் குளிர்ந்த காகிதத்தின்மேல் வெளிக்காற்று வியர்த்துவிடும். இது பூச்சிக்கு மட்டும்தான். பூஞ்சை குளிரில் தூங்கும், சாகாது.

—

காகிதக்காரர்:

ஷெல்ட்டர் விஷயத்தில் ஈரநீக்கியைத் தவறாமல் ஓட்டுகிறவர்களுக்கு அது சரி, ஏற்றுக்கொள்கிறேன். மாதக்கணக்கில் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் கேபினெட்டையே நம்புங்கள்.

—

செங்காங் வாசகி:

மிக்க நன்றி. உப்புச் சோதனையில் கருவி 71 காட்டியது, ஆகவே 4 கூட்டிப் படிக்கிறேன். அதன்படி பெட்டிக்குள் 82. கேபினெட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டேன். காய்ந்த பிறகு உறை எந்த அளவில் வாங்குவது? கடையில் மூன்று நான்கு அளவு சொல்கிறார்கள். இன்னொன்று, 12 காசு கோல்ட் கீ ஒன்றில் அட்டை நீங்கலாக உள்ளே எண்ணினால் 14 தாள்தான் வருகிறது, மற்றவற்றில் 16. அச்சிலேயே அப்படியா?

—

பத்துக்காசு டெல்:

உறை வாங்கும் முன் ஸ்கேலை எடுத்து ஒவ்வோர் இதழின் அகலத்தையும் அளந்துவிடுங்கள். டெல் இதழ்கள் ஆண்டுக்கு ஆண்டு ஒல்லியானவை. நாற்பதுகளிலும் ஐம்பதுகளின் முற்பகுதியிலும் வந்தவற்றுக்குக் கோல்டன் அளவு, அதாவது ஏழே முக்கால் அங்குல உறை. அறுபதுகளின் கோல்ட் கீக்கு சில்வர், ஏழே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கிளாட்ஸ்டோன் முதலான பிற்கால இதழ்களுக்குத்தான் கரன்ட் அளவு. நடுவிலுள்ள ஐம்பதுகளின் இதழ்கள் சில்வர் உறைக்குள் நுழையும், ஆனால் நுழைக்கும்போதே முதுகின் ஓரம் மடங்கும். சந்தேகம் வந்தால் பெரியதையே எடுங்கள். தடிமனான டெல் ஜயன்ட் இதழ்களுக்கு இவை எதுவும் சரிவராது, அவற்றுக்குத் தனி உறை.

பொருள் முக்கியம். பாலிப்ரொப்பிலீன் உறை மலிவு, ஆனால் சில ஆண்டுகளில் அலை எழும்பும், மஞ்சளாகும். நம்மூரில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மைலார் என்று விற்கும் பாலியெஸ்டர் உறை, 2 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) தடிமன், விலை பல மடங்கு, திரும்ப மாற்றவே தேவையில்லை. 38-ஐயும் மைலாரில் போட வேண்டாம். ஃபோர் கலர்களுக்கும் போகோவுக்கும் மைலார், மற்றவற்றுக்குச் சாதா. பின்னால் வைக்கும் அட்டை அமிலமற்றது என்று மட்டும் சொன்னால் போதாது. கால்சியம் கார்பனேட் கலந்ததா என்று கேளுங்கள். ஒருபக்கம் மட்டும் பூசிய அட்டை என்றால் வழவழப்பான பக்கம் இதழைத் தொட வேண்டும்.

ஒட்டுநாடா பற்றி ஓர் எச்சரிக்கை. உறையின் மடிப்பை நாடாவால் ஒட்டிவிட்டு, பிறகு இதழை வெளியே இழுக்கும்போது நாடா அட்டையில் ஒட்டி நிறத்தோடு உரிந்து வரும். நல்ல இதழ்கள் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். மடிப்பை உறைக்கும் இதழுக்குப் பின்னால் வைத்த அட்டைக்கும் நடுவில் செருகிவிட்டால் நாடாவே வேண்டாம்.

14 தாள் அச்சில் நேர்ந்ததல்ல. அது குறை இதழ். ஒரு பெரிய தாளை மடித்தால் இரண்டு தாள், நான்கு பக்கம். ஆகவே இரண்டு குறைந்தால் ஒரு முழு மடிப்புத் தாள் போயிருக்கிறது. பின் துருப்பிடித்து அறுந்ததும் முதலில் கழன்று விழுவது நடுத்தாள். நடுப்பக்கத்தைத் திறந்து இடது பக்கத்தின் கடைசிக் கட்டத்தையும் வலது பக்கத்தின் முதல் கட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள், பேச்சு அறுந்திருந்தால் அதுதான். ஒன்று மட்டும் குறைந்து 15 வந்தால் யாரோ ஒரு பக்கத்தைக் கிழித்திருக்கிறார்கள், அதன் மறுபாதி பின்னில் தொங்கலாக நிற்கும்.

—

வரிக்குதிரை 74:

இனி வாங்கும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த 14 தாள் தொல்லை அங்கே தொடங்குவது. விற்பவர் அனுப்பும் முன்னட்டைப் படம் மட்டும் போதாது. நடுப்பக்கம் இரண்டு பின்னும் தெரியும்படி, முன்னட்டையின் உட்புறம், பின்னட்டை என்று மூன்று படம் கேளுங்கள். தாள் எண்ணிக்கையைக் கேளுங்கள். கூப்பன் வெட்டியிருக்கிறதா, நாடா ஒட்டியிருக்கிறதா, வாடை உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். வாடை உண்டு என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடலாம், அது மற்ற இதழ்களுக்கும் பரவும் பிரச்சினை. டிஸ்னி இதழ்களில் அட்டையின் நடுவே மேலிருந்து கீழாக நேராக ஒரு மடிப்பு இருந்தால் அது சந்தாதாரருக்கு மடித்து அஞ்சலில் போன பிரதி. படிக்க எந்தக் குறையும் இல்லை, விலை மட்டும் நன்றாகக் குறையும். சேர்த்துப் படிக்க விரும்புகிறவருக்கு இவற்றைவிட நல்ல வாங்கல் இல்லை.

ஆரம்பக் கோல்ட் கீ இதழ்களில், 1962-63 வாக்கில், பின்னட்டையில் விளம்பரம் இல்லாமல் முழுப்பக்கப் படம் இருக்கும். அதைச் சிறுவர்கள் வெட்டிச் சுவரில் ஒட்டியிருப்பார்கள், ஆகவே அந்த இதழ்களுக்குப் பின்னட்டைப் படம் கட்டாயம் பார்க்கணும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால், 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2023 முதல் பெரிய தளங்கள் வாங்கும்போதே பொருள் சேவை வரியைப் பிடித்துவிடுகின்றன, இப்போது 9 சதவீதம். அதைத் தாண்டிய சரக்குக்கு இங்கே வந்து சேரும்போது கட்ட வேண்டும், அஞ்சல் நிறுவனம் கையாளும் கட்டணமும் சேர்க்கும். வரி கட்டிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாம் முறை கேட்டால் காட்டலாம். பொதி கட்டும் முறையையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: இதழைவிட நாற்புறமும் ஓர் அங்குலம் பெரிய நெளி அட்டை இரண்டு, ஒன்றின் நெளி நிமிர்ந்தும் மற்றதன் நெளி கிடையாகவும். இரண்டும் ஒரே திசையில் இருந்தால் பொட்டலம் அந்த வாக்கில் மடங்கும்.

பொட்டலம் வந்ததும் உடனே பெட்டியில் சேர்க்காதீர்கள். இரண்டு வாரம் தனிப் பையில் வைத்து, பூச்சி, பூஞ்சை எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு மற்றவற்றோடு.

—

செங்காங் வாசகி:

நடுப்பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். இடதுபக்கத்தில் டொனால்ட் படகில் ஏறுகிறார், வலதுபக்கத்தில் வீட்டில் இருக்கிறார். நடுத்தாள் போனதுதான். இந்த இதழை என்ன செய்வது?

—

காகிதக்காரர்:

தூக்கிப் போடாதீர்கள். எந்தக் கதை என்று இன்டக்ஸில் பார்த்து, இல்லாத நான்கு பக்கங்களை நூல் பதிப்பில் படித்துக்கொள்ளலாம். உறைக்குள் பின்னால் வைக்கும் அட்டையின் மேல்மூலையில், இதழின்மேல் அல்ல, 2பி பென்சிலால் "நடுத்தாள் இல்லை, 14 தாள்" என்று எழுதிச் செருகி வையுங்கள். அதே எண்ணில் அட்டை கிழிந்து உள்தாள் முழுதாக உள்ள பிரதி ஒன்று மலிவாகக் கிடைத்தால், அதைப் படிக்க வைத்துக்கொண்டு இதன் அட்டையைப் பாதுகாக்கலாம். இரண்டையும் பிரித்து ஒன்றாகத் தைத்துவிட வேண்டாம். அப்படிச் சேர்த்ததைத் தரம் பார்ப்பவர்கள் கலப்புப் பிரதி என்பார்கள், அடுத்து வாங்குகிறவரிடமும் அதைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். கேபினெட்டில் இப்போது அதை மற்றவற்றுக்கு மேலே வையுங்கள். நடுத்தாள் இல்லாத இதழில் பின் தளர்ந்திருக்கும், அடியில் வைத்தால் பாரம் இழுத்து அடுத்த தாளும் கழன்றுவிடும்.